பதின்மூன்று டிகிரி சாய்வில் ஒரு சக்கரம்

அக்கா பையன் தன் காருக்கு அலாய் வீல் போடப் போகிறேன் என்று வந்து நின்றது நாலு வருஷத்துக்கு முன்னால். கடையிலிருந்து ஒரு வீலை மட்டும் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "மாமா, நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க சரின்னா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அம்பத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்த ஒரு தகுதியில் குடும்பத்தில் இரும்பு சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விக்கும் நான்தான் தீர்ப்பு சொல்வேன். வீலைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். ஜே.டபிள்யூ.எல். என்று மூன்று எழுத்து புடைப்பாக இருந்தது. "மார்க் இருக்குடா, தாராளமாப் போடு" என்றேன். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், யார் போட்ட முத்திரை என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ பார்த்த ஞாபகம், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து ஏதோ பள்ளத்தில் விட்டு ஒரு வீல் நெளிந்து, ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலும் விழுந்தது. புது வீல் வாங்கக் காசு கொஞ்சம் அதிகம். ஒரு பட்டறையில் கேஸ் வைத்துச் சூடேற்றித் தட்டி நிமிர்த்தி, விரிசலில் ஆர்கன் வெல்டிங் அடித்து, மேலே பெயிண்ட் பூசிக் கொடுத்தார்கள். அதையும் என்னிடம் கொண்டு வந்து காட்டினான். "புதுசு மாதிரியே இருக்கே" என்று அதற்கும் நான் சான்றிதழ் கொடுத்தேன்.

போன மார்கழியில் அச்சிறுப்பாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த வீல் பிளந்தது. காற்று ஒரே மூச்சில் இறங்கி, கார் நடுச்சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. பின்சீட்டில் இருந்த அக்காவுக்குக் காறை எலும்பு முறிவு. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாரும் "டயர் வெடிச்சிடுச்சு" என்றே பேசிக்கொண்டார்கள். நான் மறுநாள் போய் வீலைக் கழற்றி வாங்கி வந்தேன்.

உடைந்த முகத்தைக் கழுவிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. வெல்டிங்கை ஒட்டிய ஒரு பகுதி வழவழப்பாக, கொஞ்சம் கறுத்து, கிளிஞ்சலில் இருப்பதுபோல வரிவரியாக இருந்தது. மீதிப் பகுதி சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பளபளவென்று சொரசொரப்பு. பளபளப்பு அன்றைக்கு உடைந்தது. கறுப்பு பழையது. அதாவது அந்த வீல் பல வாரங்களாக, ஒருவேளை பல மாதங்களாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே வந்திருக்கிறது. அக்கா அதில் ஏறி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்திருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் அந்த மூன்று எழுத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியாயமாக அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

உடைந்த இருசு

கதை காரில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது. 1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. வெர்சாயில் அரசருக்காக நடந்த விழாவைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த ரயில் மூடோன் அருகே தடம் புரண்டது. முன்னால் இருந்த எஞ்சினின் இருசு முறிந்துவிட்டது. பின்னால் வந்த எஞ்சினும் பெட்டிகளும் அதன்மேல் ஏறின. எஞ்சின் நெருப்பு மரப்பெட்டிகளில் பற்றிக்கொண்டது. அந்தக் காலத்து வழக்கப்படி பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அண்டார்க்டிகா வரை கப்பல் ஓட்டித் திரும்பிய மாலுமி ட்யூமோன் டுர்வில்லும் மனைவியோடும் மகனோடும் அதில் எரிந்துபோனார். பனிக்கடலில் தப்பித்த மனிதருக்கு முடிவு, பாரிஸுக்கு வெளியே ஓர் இரும்புத் துண்டின் உருவில் வந்தது.

நல்ல இரும்பு, போதுமான கனம், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த இருசு. அது ஏன் திடீரென்று முறிய வேண்டும்? இரும்பு ஓடி ஓடி உள்ளுக்குள் 'படிகமாக' மாறிவிடுகிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். ஸ்காட்லாந்து பொறியாளர் ராங்கின் 1843இல் முறிந்த இருசுகளைப் பார்த்து வேறு மாதிரி சொன்னார். முறிவு திடீரென்று வருவதல்ல. இருசின் விட்டம் சட்டென்று மாறுகிற மூலையில் சின்ன விரிசலாகத் தொடங்கி மெதுவாக உள்ளே போகிறது. அந்த மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடையுங்கள் என்றார். லேத்தில் நின்ற எவனுக்கும் இது பால பாடம். எங்களுக்கு ஃபோர்மேன் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். அதன் பின்னால் இத்தனை சாவு இருந்தது என்று அவர் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

கணக்காகச் சொன்னவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். ஓடும் ரயிலின் இருசு எவ்வளவு வளைகிறது என்று முதலில் அளந்தார். பிறகு அதே வளைவை அறைக்குள் கொடுக்க ஒரு இயந்திரம் செய்தார். கம்பியின் ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றி, இன்னொரு முனையில் பாரம் தொங்கவிடுவது. கம்பி சுழலச் சுழல அதன் மேல்பக்கம் கீழே வரும், இழுபட்ட இடம் அமுங்கும், அமுங்கிய இடம் இழுபடும். உடையும்வரை சுற்றுகளை எண்ணினார். 1870இல் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னார். ஒரே தடவையில் உடைக்கத் தேவைப்படும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடைத்துவிடும். ஆனால் இரும்பிலும் எஃகிலும் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் சுற்றும் தாங்கும்.

உலோகச் சோர்வு என்று இன்றைக்கு நாம் சொல்வதன் அடித்தளம் இது. இன்றும் ஒரு அலாய் வீலைச் சோதிக்கும் முதல் இயந்திரம் வோலருடைய இயந்திரத்தின் பேரப்பிள்ளைதான்.

அலுமினியம் வந்த வழி

அலுமினியத்துக்கு அந்தத் தெளிவான வரம்பு கிடையாது. சிறிய பாரமாக இருந்தாலும் சுற்றுகள் கூடக் கூடச் சோர்வும் கூடிக்கொண்டே போகும். எஃகை நம்புகிற மாதிரி இதை நம்ப முடியாது. சுத்தமான அலுமினியம் சக்கரம் செய்கிற அளவுக்கு உறுதியான பொருளும் இல்லை.

அதை உறுதியாக்கும் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1906இல் பெர்லின் அருகே ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியலாளர், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கிக் குளிர்வித்து, கடினம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. விடுமுறை கழிந்து வந்து மீண்டும் அளந்தபோது அதே துண்டு முன்பைவிடக் கடினமாக இருந்ததாம். சும்மா வைத்திருந்ததிலேயே முதிர்ந்திருந்தது. இன்றைய அலாய் வீல்களில் பெரும்பாலானவை சுமார் 7 சதவீத சிலிக்கானும் 0.3 சதவீத அளவில் மக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம். வார்த்த பிறகு 540 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 150 டிகிரிக்கு மேலே மிதமான சூட்டில் முதிர வைக்கிறார்கள். வீலின் உறுதியில் பெரும்பங்கு இந்தச் சூட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பட்டறையில் கேஸ் விளக்கு வைத்துச் சூடேற்றியது எதை அழித்தது என்று அப்போதுதான் உறைத்தது.

முதல் பெயர்பெற்ற அலுமினிய வீல் 1924இல் புகாட்டி டைப் 35 பந்தயக் காரோடு வந்தது. எட்டுத் தட்டையான ஆரக்கால்கள், பிரேக் டிரம்மும் சேர்ந்தே வார்த்தது. வீலைக் கழற்றினால் பிரேக்கையும் பார்த்துவிடலாம். லியோன் பந்தயத்தில் முதன்முதலாக ஓடியபோது டயர் தொல்லையால் தடுமாறினாலும், பிறகு அந்தக் கார் வெற்றிமேல் வெற்றி பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் டெட் ஹாலிபிராண்ட் இண்டியானாபொலிஸ் பந்தயங்களுக்கு மக்னீசிய வீல் வார்த்தார். அலாய் வீலை அங்கே இன்றும் 'மேக்' என்று சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். ஜெர்மனியில் 1966இல் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் போர்ஷே 911 எஸ் காருக்கு, வார்க்காமல் அடித்து உருவாக்கிய அலுமினிய வீல் கொடுத்தது. 1967இல் டொயோட்டா 2000 ஜிடி மக்னீசிய வீலோடு வந்தது.

பந்தயக் காருக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வீலைக் கழற்றிப் பார்க்க ஆள் உண்டு. சிக்கல் தொடங்கியது, அந்த அழகு சாதாரணத் தெருவுக்கு வந்தபோது. கார் கம்பெனி தன் காரின் எடையும் வேகமும் தெரிந்து வீல் செய்யும். கடையில் தனியாக விற்கிற வீலைச் செய்கிறவனுக்கு அது எந்தக் காரில், எந்த ரோட்டில், யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது. வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் பாலிஷ் அதை மறைத்துவிடும்.

முத்திரை யாருடையது

ஜெர்மனியில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. 1865இல் மான்ஹைம் நகரில் ஒரு மதுவடிப்பாலையில் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன் முதலாளிகள் கூடி, தங்கள் கொதிகலன்களைப் பார்த்துச் சொல்லத் தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். செய்கிறவன் வேறு, சோதிக்கிறவன் வேறு என்ற வழக்கம் அப்படி ஊன்றியது. டூஃப் என்று இன்று அறியப்படும் சோதனை அமைப்புகளின் வேர் அதுதான். அங்கே காரில் வேறு வீல் போட வேண்டுமென்றால் அதற்கு ஒப்புதலோ நிபுணர் சான்றோ வேண்டும். ஒப்புதல் பெற்ற வீலில் மத்திய மோட்டார் வாகன அலுவலகத்தின் எண் பொறித்திருக்கும். சான்றில்லாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே செல்லாது போகலாம்.

ஜப்பான் வேறு மாதிரி போனது. அங்கே போக்குவரத்து அமைச்சகம் மெல்லுலோக வீல்களுக்கான தொழில்நுட்ப நெறியை வகுத்தது. ஜே.டபிள்யூ.எல். என்பது 'ஜப்பான் லைட் அலாய் வீல்' என்பதன் சுருக்கம். இந்த வீல் அந்த நெறிப்படி சோதிக்கப்பட்டது என்று வீல் செய்கிறவரே போட்டுக்கொள்ளும் முத்திரை அது. பக்கத்தில் வி.ஐ.ஏ. என்ற இன்னொரு முத்திரையும் இருந்தால்தான் வெளியார் அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தது என்று பொருள்.

எங்கள் வீலில் இருந்தது முதல் முத்திரை மட்டும். அதாவது செய்தவர் "நான் சரியாகச் செய்தேன்" என்று எழுதி வைத்திருந்தார். அதுவும் அவரே எழுதியதா, நல்ல வீல் ஒன்றை அச்சு எடுத்தபோது எழுத்தும் சேர்ந்து வந்ததா என்று சொல்ல வழியில்லை. வார்ப்பச்சில் மூன்று எழுத்து வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நானே வெட்டியிருப்பேன்.

ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஐ.நா. வாகன விதிகளில் மாற்று வீல்களுக்கென்றே 124ஆம் விதி 2006இல் வந்தது. கார் கம்பெனி போடும் வீலையல்ல, பிறகு வாங்கி மாட்டும் வீலைக் குறிவைத்து எழுதிய விதி இது.

மூன்று சோதனைகள்

எந்த நாட்டு நெறியை எடுத்தாலும் மையத்தில் மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது வோலருடையது. வீலின் விளிம்பை இறுகப் பிடித்து, நடுவில் போல்ட் போடும் இடத்தில் வளைவிசை கொடுத்துச் சுழற்றுவார்கள். கார் வளைவில் திரும்பும்போது ஆரக்கால்களுக்கு வரும் வேதனை இது. ஐ.நா. விதியில் அந்த விசைக்கு ஒரு கணக்கு உண்டு. வீல் சுமக்கும் பாரம், டயரின் ஆரம், டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு 0.9, வீலின் உள்வாங்கல், எல்லாவற்றையும் சேர்த்து வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். அந்த உச்ச விசையில் பாதியைக் கொடுத்தால் எஃகு வீல் 6 லட்சம் சுற்று தாங்க வேண்டும். அலுமினியம் 18 லட்சம் சுற்று தாங்க வேண்டும். முக்கால் பங்கு விசையில் எஃகுக்கு 60,000, அலுமினியத்துக்கு 2 லட்சம். எஃகைப்போல அலுமினியத்தை நம்ப முடியாது என்பதை விதி இப்படி எண்ணிக்கையாக எழுதி வைத்திருக்கிறது. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் 18 லட்சம் சுற்று என்பது சுமார் 3,400 கிலோமீட்டர். முழுக்க முழுக்கக் கடும் வளைவிலேயே ஓடிய 3,400 கிலோமீட்டர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, டயரோடு வீலைப் பெரிய உருளைமேல் அழுத்தி ஓடவிடுவது. வழக்கமான பாரத்தைவிட மிக அதிகமான பாரம் ஏற்றி, நேராக ஓடும்போது வரும் சோர்வைப் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் தலைப்பில் சொன்னது. வீலை 13 டிகிரி சாய்த்துப் பொருத்தி, விளிம்பின்மேல் ஓர் இரும்புப் பாளத்தை 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். வீல் சுமக்கும் பாரத்தின் 0.6 மடங்கோடு 180 கிலோவைக் கூட்டினால் வருவது அந்தப் பாளத்தின் எடை. 500 கிலோ சுமக்கும் வீலுக்கு 480 கிலோ. விழுந்த பிறகு நடுப்பகுதியில் ஊடுருவிய விரிசல் இருக்கக் கூடாது, நடுப்பகுதி விளிம்பிலிருந்து பிரியக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குள் காற்று முழுக்க இறங்கிவிடக் கூடாது. வீல் நெளியலாம். உடைவதைவிட நெளிவது மேல்.

நான் பள்ளத்தை நினைத்துத்தான் இந்தச் சோதனை என்று எண்ணினேன். அப்படியில்லை. இந்தச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. நெறி இதை நடைபாதை ஓரக்கல்லில் பக்கவாட்டில் மோதுவதற்கான சோதனை என்றுதான் சொல்கிறது. 230 மில்லிமீட்டர் விழும் பொருள் தொடும்போது அதன் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவு. கார் சறுக்கிப்போய் ஓரக்கல்லில் இடிப்பது, இதுதான் அந்தச் சோதனை மனசில் வைத்திருக்கும் ரோடு. மழைக்குப் பிறகு தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் எண்பதில் விடுவதல்ல. ஒவ்வொரு சோதனைக்குள்ளும் ஒரு ஊர் இருக்கிறது. அது நம் ஊராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதற்காக அந்தச் சோதனையை வீண் என்று சொல்லிவிட முடியாது. அதில் தேறாத வீல் நம் ரோட்டில் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில்

இந்தியாவில் எஃகு வீலுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960களிலிருந்தே எஃகு வீல் செய்கிறது. மெல்லுலோக வீல்களுக்கு ஐ.எஸ். 16192 என்ற தர நெறி இருக்கிறது. ஆனால் நெறி இருப்பது வேறு, அது கட்டாயமாவது வேறு. 2020இல்தான் மத்திய அரசு வாகன ரிம்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

ஆணையும் தீர்ப்பும் புது வீலைப் பற்றிப் பேசுகின்றன. எந்தச் சோதனை இயந்திரமும் பிறந்த குழந்தையைத்தான் பார்க்கிறது. நெளிந்து, சூடு காட்டி, சுத்தியலால் அடித்து, வெல்டிங் வைத்துப் பூசிய வீலை யாரும் 18 லட்சம் சுற்று சுற்றிப் பார்ப்பதில்லை. அந்த வீலில் பழைய முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். முத்திரை சொன்ன வீல் போய்விட்டது, எழுத்து மட்டும் மிச்சம்.

அந்தப் பட்டறைக்காரரை நான் குறை சொல்லப் போவதில்லை. இருபது வருஷமாக அதே வேலையைச் செய்கிறேன், ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். உடைந்த வீல் அவரிடம் ஏன் திரும்பப் போகிறது? "டயர் வெடிச்சிடுச்சு" என்று சொல்லிப் புது டயர் வாங்கப் போவார்கள். 1842இல் இரும்பு படிகமாகிவிட்டது என்று சொன்ன மாதிரிதான். காரணத்தைத் தப்பாகச் சொன்னால் அடுத்த விபத்துக்கும் அதுவே வழி.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மூன்று எழுத்தை நான் படிக்கத் தெரியாமல் படித்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ சொல்லலேன்னாலும் அவன் போட்டிருப்பாண்டா" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னது. அது நிஜமில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் போட்டிருக்க மாட்டான். அதற்காகத்தானே முதலில் என்னிடம் வந்தான்.

இப்போது அவன் காரில் கம்பெனி கொடுத்த எஃகு வீல்தான் ஓடுகிறது. உடைந்த வீல் என் மேஜைக்குக் கீழே கிடக்கிறது. தெருவில் யாராவது பையன்கள் வண்டிக்கு வீல் மாற்றப் போவதாகச் சொன்னால், வெளியே எடுத்து அந்தக் கறுத்த வரிகளைக் காட்டுகிறேன். எத்தனை இன்ச், என்ன டிசைன் என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் விரலால் அதைத் தடவிப் பார்க்கிறார்கள். சிலர், "இது வெளியிலேர்ந்து பாத்தா தெரியுமா, சார்?" என்று கேட்கிறார்கள்.

தெரியாது என்றுதான் சொல்கிறேன்.